மூன்று கெஜம்

ஆயுத பூஜை எந்தக் கிழமையில் வந்தாலும் எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமைதான் நடக்கும். குவைத்தில் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் லீவு. நாங்கள் குடியிருந்த ஃபஹாஹீலுக்கு வருவதென்றால் சரஸ்வதியும் கம்பெனி காலண்டரைப் பார்த்துத்தான் வரவேண்டும் என்பாள் அம்மா. எனக்குப் பத்து வயதான அந்த வருடம் பூஜையில் ஒரு பந்தையும் வைத்தோம். அதற்குப் பிறகு ஒன்றரை நாள், நாங்கள் எல்லோரும் ஊருக்கு மூட்டை கட்டப்போகிறோம் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பந்து அப்பாவின் சாருடையது. அப்பா ஓர் எண்ணெய்க் கம்பெனியில் டிரைவர். அமெரிக்கர்கள் குடியிருந்த காம்பவுண்டில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர்தான் சார். அவரை ஏற்றி இறக்குவது அப்பாவின் டியூட்டி. வண்டியில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு முதலில் ஒரு கால், கொஞ்சம் பொறுத்து இன்னொரு கால் என்று, கனமான சாமானை ஏற்றுவதுபோலத் தன்னையே ஏற்றிக்கொள்வாராம். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் அவர் அமெரிக்காவில் சம்பளத்துக்குப் பந்து விளையாடியவர். அந்த நாட்டு ஃபுட்பாலில் பந்தைக் காலால் உதைப்பதே அபூர்வமாம். காரில் கேட்டதையெல்லாம் அப்பா ராத்திரிச் சோற்றோடு எங்களுக்கும் பரிமாறுவார்.

"பந்தைக் கையில வாங்கிட்டு முன்னால ஓடணும். அதான் சாருக்கு வேலை. அவரைப் பிடிச்சுக் கீழ தள்ளுறதுக்கு எதிர்ல பதினோரு பேரு சம்பளம் வாங்குறான்."

"இதெல்லாம் ஒரு பொழப்பா, பாவம்" என்பாள் அம்மா.

நாலு வருடம் அப்படி ஓடியிருக்கிறார். ஒருநாள் காலை சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் ஒருவன் வந்து, கோச் கூப்பிடுகிறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா என்றானாம். புத்தகத்தைக் கேட்டால் வேலை போயிற்று என்று அர்த்தம். தட்டில் முட்டை அப்படியே கிடந்தது என்று சார் சொன்னாராம். அப்பா வேறு எதைச் சொல்ல மறந்தாலும் அந்த முட்டையை மறக்கமாட்டார்.

அப்பாவுக்கும் அந்தப் பயம் உண்டு. அவருக்கு முன்னால் இருந்த டிரைவர் ஏர்போர்ட்டில் யாரோ ஒரு மேனேஜரின் பெட்டியை மறந்து வைத்துவிட்டு வந்தார். 'கலாஸ்', முடிந்தது, என்று ஒரே அரபி வார்த்தையில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். குவைத்தில் தங்குவதற்கான முத்திரையை அக்காமா என்பார்கள். அப்பாவுடைய அக்காமா அந்த மாதம்தான் புதுப்பிக்கப் போயிருந்தது. அம்மாவுடையதும் என்னுடையதும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குபவை. அது அறுந்தால் மூவரும் ஒரே விமானம்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா பந்தைக் கொண்டுவந்தார். காற்றை இறக்கிப் பெட்டியில் வைத்து அமெரிக்காவிலிருந்து வந்த பந்து அது. சனிக்கிழமை காம்பவுண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும், காற்றடித்துக் கொண்டுவா என்று சார் கொடுத்திருந்தார். எங்களோடு தங்கியிருந்த சித்தப்பாவுக்குப் பஞ்சர் கடையில் வேலை. ஒரு ஊசியைத் தேடிப்பிடித்துக் காற்றை ஏற்றிவிட்டார். இரண்டு முனையும் கூம்பிய பந்து. ஒரு பக்கம் ஷூவுக்குப் போல நாடா கோத்திருந்தது. மறுபக்கம், அவர் ஆடிய ஓர் ஆட்டத்தின் ஞாபகமாக, டீம்காரர்கள் வெள்ளைப் பெயிண்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் அதை இரண்டு தடவை எனக்குள்ளேயே படித்துக்கொண்டேன். என்னடி எழுதியிருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அப்பா யாரையோ ஏர்போர்ட்டில் விடப் போயிருந்தார். சித்தப்பா பெட்ரோல் துணியால் ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தார். சந்தனம் குழைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது.

"அந்தப் பந்தையும் கொண்டாடி. சாருக்கு ஆயுதம் அதானே. அதுதானே சோறு போட்டுச்சு."

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சித்தப்பா ஊரோடு போனில் பேசிக்கொண்டே, கண்ணால் ஒரு பார்வைகூடப் பார்க்காமல், அதே துணியால் பந்தையும் ஒரு சுற்று துடைத்தார். எழுத்தெல்லாம் இழுபட்டு நீண்டது. "சித்தப்பா!" என்று நான் கத்துவதற்குள் இரண்டாவது சுற்றும் முடிந்துவிட்டது. வெள்ளை முழுக்கத் துணியில் இருந்தது.

மத்தியானம் வந்த அப்பா, சந்தனமும் குங்குமமும் வைத்துச் சுத்தமாக உட்கார்ந்திருந்த பந்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கொண்டைக்கடலைச் சுண்டல் அப்படியே ஆறிப்போனது. எனக்கு அந்த முட்டை ஞாபகம் வந்தது.

"நாளைக்கு நேரா போயி சொல்லிடறேன்" என்றார்.

"ஏங்க, அக்காமா வர்ற நேரத்துலயா?" என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

"அண்ணே, அழிச்சது நான். திரும்ப எழுதிட்டாப் போச்சு. பாப்பாதான் படிச்சிருக்கே" என்றார் சித்தப்பா.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கையெழுத்துக்குப் பள்ளியில் பரிசு வாங்கியவள் நான். டீம் பெயர் ஞாபகம் இருந்தது. தேதி என் பிறந்த நாளுக்கு மறுநாள் என்பதால் அதுவும் மறக்கவில்லை. அதன் கீழே டச் டவுன் என்று இருந்தது. பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு அப்படிப் பேர் என்று அப்பா சொல்லியிருந்தார். அதற்கும் கீழே எத்தனை கெஜம் ஓடினார் என்ற கணக்கு.

"மூணு கெஜம்" என்றேன்.

"மூணா?" என்றாள் அம்மா. அழுகையே நின்றுவிட்டது. "நான் கட்டியிருக்கிற புடவையே ஆறு கெஜம்டி. மூணு கெஜம் ஓடுனதுக்கா பெயிண்ட் அடிச்சுக் குடுப்பான்?"

"கபடியில கோட்டைத் தொட்டுட்டு வர்றவன்கூட அதுக்கு மேல ஓடுவான் அண்ணி" என்றார் சித்தப்பா. "முன்னால ஒரு நம்பர் இருந்திருக்கும். நல்லா யோசி பாப்பா."

நான் நன்றாக யோசித்தேன். மூன்று மட்டும்தான் இருந்தது. ஆனால் பெரியவர்கள் மூவரும் ஒன்றைச் சொல்லும்போது நமக்குத் தெரிந்ததே நமக்குச் சந்தேகமாகிவிடும். "இருந்திருக்கலாம்" என்று முனகினேன். அது போதுமாக இருந்தது. சித்தப்பா அறுபத்து மூன்று என்றார். ரொம்ப ஆசைப்படக் கூடாது தம்பி, நாற்பத்து மூன்று போதும் என்றாள் அம்மா. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு "எழுது" என்றார். ஒயிட்னர் பேனாவால், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

சனிக்கிழமை பள்ளியில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. பியூன் வகுப்புக்குள் வரும்போதெல்லாம் என் டி.சி.யோடுதான் வருகிறார் என்று நினைத்தேன். வீட்டில் அம்மா மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிடப் பயந்து உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கும்போதெல்லாம் இருவரும் எழுந்தோம். பக்கத்து வீட்டு மலையாளிகள் அன்றைக்கென்று பார்த்து ஓயாமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொல்லி முடிந்த பிறகுதான் அப்பா வந்தார்.

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். சார் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். நாடா இடுக்கில் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் எடுத்து முகர்ந்தாராம். எழுத்தைப் படித்துவிட்டு, ரொம்ப நேரம் அந்த எண்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாராம். அப்பா 'சாரி சார்' என்று ஆரம்பித்திருக்கிறார். சார் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, யார் எழுதியது என்று மட்டும் கேட்டாராம். என் மகள் என்றாராம் அப்பா.

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்குன்னாரு. சாயங்காலம் பிள்ளைங்க அத்தனையும் சுத்தி உக்காந்துச்சு. எவ்வளவு தூரம் ஓடுனீங்கன்னு ஒரு பொடியன் கேட்டான். சார் என்னை ஒரு தடவை பார்த்தாரு. நாப்பத்து மூணுன்னாரு. எல்லாம் கைதட்டுச்சு."

"முன்னால ஒரு நம்பர் இருந்திருக்கும்னு நான் சொல்லல?" என்று சித்தப்பா துள்ளினார். அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்ற ஓடினாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அக்காமா வந்தது.

பல வருடம் கழித்து, கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஒருநாள் சாரின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். நாலு வருட வாழ்க்கை நாலே வரியில் இருந்தது. இரண்டு காயம், ஒரே ஒரு டச் டவுன். என் பிறந்த நாளுக்கு மறுநாள், மூன்று கெஜம். பதினோரு பேர் மறித்து நிற்கும்போது அந்தக் கடைசி மூன்று கெஜம் எவ்வளவு தூரம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மீதி நாற்பதையும் அவர் அன்று சாயங்காலம், பிள்ளைகள் முன்னால், என் அப்பாவுக்காக ஓடியிருக்கிறார்.

பத்து வயதில் இதெல்லாம் எங்கே தெரிந்தது? அமெரிக்காக்காரரே என் கையெழுத்தை அழகு என்றார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.