அடுத்த நிரையில் என் சத்தம்

பேய்க் கதை பேசற இடத்துல நான் உக்கார மாட்டேன். எந்திரிச்சுப் போயிடுவேன். வளைவுல வெள்ளையா ஒண்ணு நின்னுச்சுன்னு எங்க லயத்துல, எஸ்டேட் வரிசை ஊடுங்கள்ல, ஒரு தடவை எல்லாரும் கதவைச் சாத்திட்டாங்க. நான் போய்ப் பாத்தேன். டீக்கடைக்காரரோட பசு மாடு. புடிச்சுக் கட்டிட்டு வந்தேன். அப்படிப்பட்ட ஆளுங்க நான்.

அதனால இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. இப்ப உங்களுக்குச் சொல்றேன். நம்பினா நம்புங்க. நம்பாட்டி எனக்கு ஒண்ணும் குறையப் போறதில்லை.

சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்ல கொழுந்து எடுக்கறேன். என் பேரு மேரி. ஊட்டுக்காரர் கூடலூர்ல லோடு ஏத்தற வேலை. எஸ்டேட்ல பேர் இருக்கறது எனக்கு மட்டும்தான். அந்தப் பேருக்குத்தான் லயத்துல ஊடு குடுத்திருக்காங்க. என் பேர் போச்சுன்னா ஊடும் போச்சு. இதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

ஒரு நாள் காலைல சோறு வடிச்சிட்டிருந்தேன். நெஞ்சு அடிச்சுக்க ஆரம்பிச்சுது. சும்மா படபடன்னு இல்லைங்க, உள்ளே இருந்து யாரோ கதவை ஒதைக்கற மாதிரி. ரெண்டு கையும் மரத்துப் போச்சு, எறும்பு ஊருது, தொண்டையில ஈரத் துணியைப் புழியற மாதிரி ஒரு இறுக்கம், கண்ணு இருட்டிக்கிட்டு வருது, சரி செத்துட்டோம்னு நெனச்சேன். சாகல. கொஞ்ச நேரத்துல எல்லாம் நின்னுச்சு. கஞ்சி தரையெல்லாம் கொட்டிக் கெடந்துச்சு. தொடைச்சிட்டு வேலைக்குப் போனேன்.

அப்புறம் அது அடிக்கடி வந்துச்சு. கூடலூர் ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தாங்க, ஒண்ணுமில்லைன்னாங்க. ரத்தம் பாத்தாங்க, ஒண்ணுமில்லை. கோயமுத்தூர்ல ஸ்கேன், அங்கயும் ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லாததுக்கு ஒரு பொம்பளை நின்ன இடத்துல விழுவாளா? ஆனை எதுக்க வந்தப்ப கொழுந்துச் சாக்கைக் கீழ போடாம நின்னவ நான். எனக்கு என்ன பயம்?

லயத்துல ஆளாளுக்கு வைத்தியம். பக்கத்து ஊட்டுத் தங்கமணி எலுமிச்சம்பழம் மந்திரிச்சுக் கொண்டாந்தா. ஊறுகாய் போட்டேன். மாதா கோயில்ல இருந்து ஜெபக்காரங்க எண்ணெய் கொண்டாந்தாங்க, தலைக்குத் தேச்சுக் குளிச்சேன். எனக்குள்ள ஒண்ணு பூந்திருக்குன்னு ரெண்டு கூட்டமும் சொல்லுச்சு. பூந்தது வாடகை குடுக்கட்டும்னு சொன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு கூட்டமும் வரல.

கடைசில ஒரு லேடி டாக்டர். அவங்கதான் ஒழுங்காப் பேசினாங்க. "இது படபடப்பு நோய். உங்க இதயத்துல கோளாறு இல்லை. ஆனா உங்களுக்கு வர்றது நிஜம்தான், நீங்க நடிக்கலை" அப்படின்னாங்க. மாத்திரை குடுத்தாங்க. இன்னைக்கும் சாப்பிடறேன். கொறைஞ்சிருக்கு. நிஜம்னு சொன்ன ஒரே ஆள் அவங்கதான், அதுக்காகவே சாப்பிடறேன்.

ஆனா அதுக்குள்ள மலையில ரெண்டு மூணு தடவை விழுந்துட்டேன். தோட்டத்தை நாங்க மலைன்னுதான் சொல்றது. சூப்பர்வைசர் வர்க்கீஸ் பாத்துட்டார். நெலம்பூர்ப் பக்கத்து மலையாளி, கெட்டவர் இல்லை, ஆனா அவர் மேல ஆபீஸ் உக்காந்திருக்கு.

"மேரி, கேட்டியா, இனி ஒரு தடவை நீ உக்காந்தா நான் ஆபீஸ்ல சொல்லாம இருக்க முடியாது. அன்ஃபிட்னு எழுதிடுவாங்க."

"எழுதினா?"

"பின்னே எந்தா, ஊட்டை விட்டுப் போகணும்."

"நான் உக்கார மாட்டேன் சார்."

"வருதுங்கறாங்களே?"

"வந்தா வரட்டும். நின்னுக்கிட்டே பாத்துக்கறேன்."

சொல்லிட்டேன். அதுக்கப்புறந்தான் அன்னைக்கு நடந்தது.

ஆடி மாசம். காலைல இருந்து தூத்தல். எங்க வேலை எப்படின்னா, ஆளுக்கு ஒரு நிரை. செடி வரிசைக்கு நடுவுல போற வழி. கீழே ரோட்டுல இருந்து மேலே காடு வரைக்கும் அவங்கவங்க நிரையில ஏறணும். எனக்கு எடதுல தங்கமணி. வலதுல கமலம். கமலம் மகளுக்குப் பிரசவம்னு லீவு. ஆள் வராத நிரையை அப்படியே விட்டு வெச்சு, கடைசில எல்லாரும் சேர்ந்து முடிப்போம். அதனால என் வலது பக்கம் வெறும் நிரை.

இன்னொண்ணும் சொல்லணும். இப்பக் கையில யாரும் கொழுந்து எடுக்கறதில்லை. எல்லாம் கத்தரிதான். பெரிய கத்தரி, அதுலயே பெட்டி இருக்கும், வெட்டினது அதுல விழும். செடி மேல சமமா முடி வெட்டின மாதிரி இருக்கும். கையில எடுத்தா அப்படி இருக்காது. ஒவ்வொரு தண்டும் தனித்தனியா ஒடிஞ்சு நிக்கும். விரல்ல கறை ஏறும். பலாப் பால் மாதிரி ஒட்டி, அப்புறம் கருப்பா மாறும். சோப்புக்குப் போகாது.

மத்தியானம் சாப்பிட்டு ஏறினோம். மஞ்சு இறங்குச்சு, பனி மூட்டம். எங்க பக்கத்து மஞ்சு உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. பகல்லயே கையை நீட்டினா கை தெரியாது. அந்த மஞ்சுல ஆனை நின்னாலும் தெரியாது. அதனால எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓய் போடணும். எடது கோடியில இருக்கறவ "ஓய்"ங்குவா. அடுத்தவ, அதுக்கடுத்தவ, அப்படியே வலது கோடி வரைக்கும் போகும். ஒருத்தி சத்தம் நின்னாலும் எல்லாரும் கத்தரியை நிறுத்தணும். சூப்பர்வைசர் அந்த நிரைக்கு ஏறி வந்து பாப்பார். ஓய் வரலைன்னா ஒண்ணு ஆனை, இல்லைன்னா ஆள் விழுந்திருக்கான்னு அர்த்தம்.

அப்பத்தான் எனக்கு வந்துச்சு.

நெஞ்சு ஒதைக்குது, கை மரக்குது, கத்தரியைப் புடிச்சிருக்கேனா விட்டுட்டேனான்னு தெரியல, நின்னுக்கிட்டேதான் பாக்கணும்னு காலை ஊணிப் பாக்கறேன், கால் என் பேச்சைக் கேக்கல. செடிக்கு நடுவுல உக்காந்துட்டேன். உக்கார மாட்டேன்னு சொன்ன நான். அந்த நேரம் பாத்து எடது கோடியில இருந்து ஓய் கெளம்புது. தூரத்துல ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி, கிட்ட வந்துக்கிட்டே இருக்கு, அடுத்து தங்கமணி, "ஓய்." இப்ப நான். வாயைத் தொறக்கறேன். காத்துகூட வரல. ஊடு போச்சுன்னு நெனச்சேன். உசிரு போச்சுன்னுகூட நெனைக்கல, சத்தியமா, ஊடுதான் கண்ணுல வந்துச்சு. போன வருசம் நானே சுண்ணாம்பு அடிச்ச செவுரு.

"ஓய்."

வலது பக்கம். கமலத்தோட நிரையில இருந்து. என் குரல்.

என் குரல் எனக்குத் தெரியாதா? கொஞ்சம் கட்டையா, கடைசில இழுத்து. அப்படியே. அதுக்கு அந்தப் பக்கம் இருந்தவ உடனே "ஓய்"னா, சத்தம் வலது கோடிக்குப் போயிடுச்சு. யாரும் நிக்கல. எல்லாக் கத்தரியும் திரும்ப ஓடுது.

நான் நெஞ்சுல கை வெச்சேன். நம்பறீங்களோ இல்லையோ, நெஞ்சு அடிக்கல. சும்மா இருந்துச்சு, அணைச்ச அடுப்பு மாதிரி. ஆனா அந்த ஒதைக்கற சத்தம் நிக்கல. அது வலது பக்கத்துல கேக்குது. செடிக்கு அந்தப் பக்கம். டம் டம்னு. அதுகூடவே இன்னொரு சத்தம். டக், டக், டக். தண்டு ஒடியற சத்தம். கையில கொழுந்து எடுக்கறாங்க. கத்தரி வர்றதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்துல பொழுது பூராம் கெடந்தவ நான், எனக்கு அது தப்பாது.

பயந்தனான்னு கேக்கறீங்க. பயந்தேன். அப்புறம் கோவம் வந்துச்சு. இத்தனை நாள் என்னைப் போட்டுப் பாடுபடுத்திட்டு இப்ப பக்கத்துல நின்னு என் வேலையைச் செய்யுதா? என் குரல்ல பேசுதா? எந்திரிச்சேன். கால் நின்னுச்சு. "எடு, எடு. நீ எடுத்தா நான் சும்மா பாத்துட்டு நிப்பனா?"ன்னு வாய் விட்டே சொன்னேன். கத்தரியை எடுத்து என் நிரையை வெட்ட ஆரம்பிச்சேன். அது அந்தப் பக்கம் டக் டக்னு. நான் இந்தப் பக்கம் சரக் சரக்னு. நான் ஒரு அடி ஏறினா அதுவும் ஏறுது. அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கவே இல்லை. பாத்தாலும் மஞ்சுதான். அடுத்த தடவை ஓய் வந்தப்ப நானே போட்டேன். என் தொண்டையில இருந்து.

காட்டோரம் போனப்ப மஞ்சு விலகுச்சு. வலதுல யாரும் இல்லை. கொஞ்ச நேரத்துல வர்க்கீஸ் மூச்சு வாங்கிக்கிட்டு ஏறி வந்தார்.

"மேரி, நீ எதுக்குக் கமலத்தோட நிரையில கேறினே?"

"நான் எங்க சார் கேறினேன்? என் நிரையிலதானே நிக்கறேன்."

"முதல் ஓய் அங்கிருந்துதானே வந்துது?"

தங்கமணி குறுக்க விழுந்தா. "ஆமா சார், நானும் கேட்டேன். அக்கா குரல்தான். ஏனக்கா, கொரங்கு மாதிரி அங்கயும் இங்கயும் தாவிட்டிருந்தியா?"

வர்க்கீஸ் கமலத்தோட செடியைப் பாத்துட்டிருந்தார். குனிஞ்சு ஒரு தண்டைத் தொட்டார். ஒடிஞ்ச இடம் ஈரமா இருந்துச்சு. கீழே இருந்து நாங்க நின்ன இடம் வரைக்கும் அந்த நிரை பூராம் கையில எடுத்திருந்துச்சு. ரெண்டு இலை, ஒரு மொட்டு. ஒரு முத்தல் இலைகூட ஒடியல. அப்படி எடுக்கற ஆளே இப்ப எங்க எஸ்டேட்ல இல்லை.

"ஆரு எடுத்தா இது?"

எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்துட்டு வர்க்கீஸ் என்கிட்ட திரும்பினார்.

"கையைக் காட்டு."

காட்டினேன். சுத்தமா இருந்துச்சு. மழைத் தண்ணியில வெளுத்துப் போய், கறையே இல்லை. தங்கமணி கையைப் பாத்தார், எல்லார் கையையும் பாத்தார். ஒருத்தருக்கும் இல்லை.

"எடுத்த கொழுந்து எவிடே?"

தேடினோம். எங்கயும் இல்லை. ஒரு இலைகூட. அவர் நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டார். நான் போட்டுக்கல.

மறுநாள் காலைல மேனேஜர் கூப்பிட்டுட்டார். முன்னாடி நான் விழுந்த சேதி யார் மூலமோ போயிருக்கு. மேசைக்கு முன்னாடி கை கட்டி நின்னேன். வர்க்கீஸ் பக்கத்துல.

"உனக்கு உடம்பு சரியில்லையாமே?"

"வருது சார். மறைக்கல. டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கிச் சாப்பிடறேன். வரும், போயிடும். என் நிரை முடிஞ்சிருக்கான்னு மட்டும் பாருங்க. முடியாம இருந்தா நானே ஊட்டுச் சாவியைக் கொண்டாந்து வெச்சிடறேன்."

நான் அவ்வளவு பேசினதே இல்லை. மேனேஜர் வர்க்கீஸைப் பாத்தார். "நேத்து எப்படி?"

வர்க்கீஸ் என் கையைப் பாத்துட்டிருந்தார். நானும் குனிஞ்சு பாத்தேன். வலது கைக் கட்டை விரல், ஆட்காட்டி விரல். ரெண்டுலயும் கறை. கன்னங்கரேல்னு, நாள் பூராம் கையில எடுத்தவளோட விரல் மாதிரி. காலைல மூஞ்சி கழுவினப்ப இல்லை. முந்தின நாள் அவரே பாத்தார், இல்லை.

"ஓய் போட்டா சார்" அப்படின்னார் வர்க்கீஸ். "நான் கேட்டேன். வேலையும் நடந்திருக்கு."

என் பேர் நின்னுச்சு. ஊடு நின்னுச்சு. வெளியே வந்ததும், "சார், அது..."ன்னு ஆரம்பிச்சேன். "மேரி, என்கிட்ட ஒண்ணும் சொல்லாதே"ன்னு சொல்லிட்டு பைக்கை எடுத்துட்டுப் போயிட்டார்.

அந்தக் கறை எலுமிச்சம்பழம் தேச்சு ஒரு வாரத்துல போச்சு. டாக்டர்கிட்ட காட்டினேன், "தோட்டத்துல பட்டிருக்கும்"னாங்க. எனக்கு வர்றது நிஜம்னு அவங்க ஒத்துக்கிட்டதே போதும்னு விட்டுட்டேன்.

இப்ப கொஞ்ச நாள் முன்னாடி. ஞாயித்துக்கிழமை. நாடுகாணியில சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போயிட்டு பஸ்ல வந்துட்டிருந்தோம். ரொம்ப நாளா வராதது பஸ்ல வந்துச்சு. கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடினேன். நெஞ்சுல கை வெச்சேன். சும்மா இருந்துச்சு. என் குரல்ல ஓய் போட்டவ போய்ட்டா, வேலைக்குன்னு நெனச்சேன். ஊட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்துல என் விரல்ல கறையைப் பாத்த ஊட்டுக்காரர், "மலையில பட்டுதா?"ன்னார். "ஞாயித்துக்கிழமை எந்த மலைங்க?"ன்னேன். அவர் சோறு பாதியில எந்திரிச்சுட்டார். நான் சாப்பிட்டு முடிச்சேன்.

திங்கக்கிழமை மலைக்குப் போனோம். கமலம் பேத்தியைப் பாத்துட்டு எப்பவோ திரும்பி வந்துட்டா, அவ நிரை அவகிட்டதான். முன்னாடி போனவ கீழே நின்னு கத்தறா.

"எவடி என் நிரையில கை வெச்சது? எல்லாம் ஒடிச்சிருக்கு! சனிக்கிழமை நான் விட்டுட்டுப் போனப்ப அப்படியே இருந்துச்சே!"

எல்லாரும் கையைப் பாத்துக்கிட்டாங்க. வர்க்கீஸ் என்னைப் பாத்தார். நான் கையை மறைக்கல. ஈரம் படாம இருக்கப் படங்கை இடுப்புல கட்டினேன், கத்தரியை எடுத்தேன், என் நிரையில ஏறினேன்.

அன்னைக்கும் மஞ்சு. ஓய் வந்துச்சு. தங்கமணி போட்டா. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள என் குரல்லயே என் ஓய் அடுத்த நிரையில இருந்து போயிடுச்சு.