பத்தாவது சொல்

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நான் பதினோரு வருஷம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்த நர்ஸ். நைட் டியூட்டியில் மார்ச்சுவரி வரை தனியாக ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் பி.பி. பார்த்துவிட்டு வா என்று துரத்துகிற ஆள். ஆனால் போன வருஷம் மே மாதம், ஒரு சனிக்கிழமை, மாலை 6.04க்கும் 7.15க்கும் நடுவில் நடந்தது நடந்ததுதான். மணியெல்லாம் என் ரேடியம் வாட்சில் பார்த்து அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தேன்.

அப்போது யூதப் பிள்ளைகளுக்கான ஒரு கோடை முகாமில் நர்ஸாகச் சேர்ந்திருந்தேன். “தாம்பரத்துல யூதருங்களா? நல்லா விசாரிச்சியா ஷீலா?” என்று என் வீட்டுக்காரரே சிரித்தார். இருக்கிறார்கள். மும்பையிலிருந்து, கொச்சியிலிருந்து, ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் வேலை பார்க்கும் குடும்பங்களிலிருந்து இருபத்திரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். முடிச்சூர் தாண்டி ஒரு பழைய வளாகத்தைப் பத்து நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பின்பக்கம் ஏரி. நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர், அதிலும் ஓர் இடத்தில் பெரிய ஓட்டை. வந்த அன்றே, அதை அடைத்துவிடுங்கள் என்று சண்டை போட்டேன். நாளைக்கு ஆள் வரும் என்றார்கள். வரவில்லை.

முகாமை நடத்தியவர் ஷோஷனா மேடம். மும்பைக்காரர். இருபது வருஷம் தாம்பரத்தில் ஸ்கூல் டீச்சராக இருந்ததால் தமிழ் சரளம். பெண் பிள்ளைகள் பத்துப் பேர் என் பொறுப்பு; பையன்கள் முன்பக்கக் கட்டடத்தில், வேறு ஆள் பொறுப்பில். சேர்ந்த அன்று இரண்டு விஷயம் சொன்னார்.

முதலாவது, வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும் வரை ஓய்வு நாள். சுவிட்சைத் தொட மாட்டார்கள், போன் கிடையாது, தீக்குச்சி கிடையாது. “எங்களுக்காக நீங்களும் லைட் போடக் கூடாது ஷீலா. ஆனா ஒரு உயிருக்கு ஆபத்துன்னா எந்த ரூலும் பாக்காதீங்க.”

இரண்டாவது, பிள்ளைகளை எண்ணக் கூடாது. ஒன்று, இரண்டு என்று மனிதர்களை எண்ணுவது அவர்களுக்கு ஆகாது. பத்து வார்த்தை உள்ள ஒரு ஜெப வரி இருக்கிறது. ஆளுக்கு ஒரு வார்த்தை. கூப்பிட்டதும் வரிசையாகத் தன் தன் வார்த்தையைச் சொல்வார்கள். வரி முழுசாக வந்தால் எல்லாரும் இருக்கிறார்கள். எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் மூன்றே நாளில் அந்தப் பத்து வார்த்தையும் எனக்கும் பாடமாகிவிட்டது.

பத்தாவது வார்த்தை அபிகாயிலுடையது. ஏழு வயது. மேடவாக்கத்தில் வளர்ந்ததால் அந்தப் பத்துப் பேரில் அவளுக்கு மட்டும்தான் தமிழ் வரும். வந்த நாளிலிருந்து சளி, நெஞ்சில் கரகரப்பு. மூன்று இரவு அவளுக்கு ஆவி பிடிக்க வைத்தது நான்தான். அந்த இருமலைத் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்வேன். அவள் அம்மா சிறுசேரிக்கு வேலைக்குப் போகிற அவசரத்திலும் என் கையைப் பிடித்து, “ஒரே பொண்ணு சிஸ்டர், பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சனிக்கிழமை. மாலை 6.04. கரண்ட் போனது.

வெள்ளிக்கிழமையே போட்டு வைத்திருந்த ஒரே பல்பும் அணைந்தது. வாட்ச்மேன் குப்புராஜ் வாசலில் இருந்து குரல் கொடுத்தார்.

“சிஸ்டர், டிரான்ஸ்பார்மர் பூட்ச்சி. ஒரு மணி நேரம் ஆவும் போலகீது. ஜெனரேட்டர் போடவா?”

ஷோஷனா மேடம் வேண்டாம் என்று தலையாட்டினார். இன்னும் ஒரு மணி நேரம்தானே, நட்சத்திரம் வந்துவிடும். பிள்ளைகள் ஹாலில் பாயில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். கொசுவுக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. எங்கள் போன்களும் ஆபீஸ் பீரோவில். முதலில் மூன்று நட்சத்திரத்தைப் பார்ப்பவருக்குத்தான் ஓய்வு நாள் முடிந்ததும் ஏற்றும் பின்னல் மெழுகுவர்த்தியைப் பிடிக்கும் பாக்கியம் என்று ஒரு போட்டி வேறு. ஆனால் அன்று வானம் பூராவும் மேகம்.

6.30. ஹால் நன்றாக இருட்டிவிட்டது. வரியைக் கேட்டேன். பத்து வார்த்தையும் வந்தது. கடைசியில் அபிகாயிலின் கரகரத்த குரல், பின்னாலேயே இருமல். சரி.

6.45. மறுபடி கேட்டேன். பத்தும் வந்தது.

பத்தாவது வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. கரகரப்பே இல்லை. அட, மருந்து வேலை செய்கிறதே என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு நிமிஷம் கழித்துத்தான் உறுத்தியது. மூன்று நாள் சளி கால் மணியில் எப்படிப் போகும்?

6.52. செய்யக் கூடாததைச் செய்தேன். இருட்டில் வரிசையாக நடந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு, வாய்க்குள்ளேயே எண்ணினேன். ஒண்ணு... ரெண்டு... மூணு... மே மாதப் புழுக்கம். எல்லாத் தலையும் வேர்த்துச் சூடாக இருந்தது.

ஒன்பது...

பத்து.

பத்தாவது தலை ஈரம். சொட்டச் சொட்ட ஈரம். ஐஸ் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

“சளியோட தலைக்கு ஊத்திக்கிட்டியா அபி? யாரைக் கேட்டு?”

என் விரலில் ஏதோ வழவழவென்று ஒட்டியது. துண்டு எடுக்கப் பின் வராந்தாவுக்குப் போனேன். கொடியில் கை வைத்தேன்.

6.55.

வெளியே இருமல் சத்தம்.

ஏரிப் பக்கத்திலிருந்து... கரகரவென்று... இரண்டு முறை.

அபிகாயில் உள்ளே இருக்கிறாள். இப்போதுதான் தொட்டேன். ஆனால் அது அவள் இருமல். சத்தியமாக அவள் இருமல்.

“அபிகாயில்!” என்று கத்தினேன்.

“சிஸ்டர்...”

ஹாலுக்குள்ளிருந்து வந்தது. தெளிவான குரல்.

“சிஸ்டர்...”

ஏரியிலிருந்து வந்தது. கரகரத்த குரல்.

இரண்டும் ஒரே நேரத்தில்.

அந்த நொடியில் எந்தப் பக்கம் ஓடுவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தப்பான பக்கம் போனால் ஒரு பிள்ளை போய்விடும். அது மட்டும் தெரிந்தது. நான் இருமல் வந்த பக்கம் ஓடினேன்.

“குப்புராஜண்ணா! டார்ச்!”

சுவர் ஓட்டைக்குள் புகுந்தபோது தோள் சிராய்த்தது. டார்ச்சோடு அவர் பின்னால் ஓடி வந்தார்.

“ஐயோ சிஸ்டர்... தண்ணிக்குள்ள ஒரு பொண்ணு நடந்துகினு கீது!”

அபிகாயில்தான். இடுப்பளவு தண்ணீரில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னும் உள்ளே நடந்துகொண்டிருந்தாள். நான் இறங்கிப் பிடித்தபோது மணி 7.01. உடம்பு சூடாக இருந்தது. மூச்சு இருந்தது. மார்போடு அணைத்துக்கொண்டேன்.

“ஏன்டி இங்க வந்தே?”

“நட்சத்திரம் பாக்க சிஸ்டர். தண்ணிக்குள்ள மூணு தெரிஞ்சுது.”

மேலே பார்த்தேன். மேகம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

“தனியா வரலாமா?”

“அந்தப் பொண்ணு போகச் சொன்னா. உன் வார்த்தை என்னன்னு கேட்டா. சொன்னேன். நீ போ, இனிமே நான் சொல்லிக்கறேன்னா.”

“எந்தப் பொண்ணு?”

“உள்ள இருக்காளே.”

உள்ளே என் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். ஓடினேன். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை.

7.06. ஹால் வாசலில் நின்றேன். கும்மிருட்டு. ஷோஷனா மேடத்தின் குரல் நிதானமாக வந்தது.

“எங்க போயிட்டீங்க ஷீலா? இப்பதான் நானே கேட்டேன். வரி முழுசா வந்துச்சு. எல்லாரும் இருக்காங்க.”

“மேடம்... அபி என் கையில இருக்கா.”

பாட்டு நின்றது.

எங்கோ தண்ணீர் சொட்டியது.

டக்...

டக்...

அப்புறம் அந்த இருட்டில், பாயின் கடைசியிலிருந்து...

பத்தாவது வார்த்தை.

தெளிவாக.

என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த அபிகாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். “அது என்னோடது.”

அறுபது வயதுவரை ஓய்வு நாளில் ஒரு சுவிட்சைக்கூடத் தொடாத ஷோஷனா மேடம், அப்போதுதான் ஓடி வந்து சேர்ந்த குப்புராஜ் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கித் தானே அடித்தார்.

ஒன்பது பிள்ளைகள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள்.

பாயின் கடைசியில் ஆள் இல்லை. ஒரு பிள்ளை உட்கார்ந்த அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் பாசி. கதவுப் பக்கம் ஒரு ஈரக் காலடிகூட இல்லை.

7.15க்கு எல்லாரையும் வேனில் ஏற்றினோம். அன்றைக்கு மெழுகுவர்த்தி ஏற்றியது மேடவாக்கத்தில், அபிகாயில் வீட்டு ஹாலில்தான். அவள் அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். காலைத் தொட வந்தார். தடுத்துவிட்டேன். பிள்ளை நன்றாக இருக்கிறாள், இப்போது மூன்றாம் வகுப்பு.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. ஒரு மாதம் கழித்துக் குப்புராஜுக்குப் போன் போட்டுக் குடைந்தேன். முதலில் மழுப்பினார். அப்புறம், “ரெண்டு வருஷம் மின்ன ஒரு ஸ்கூல் கேம்ப்பு வந்துச்சு சிஸ்டர். ஒரு பொண்ணு ஏரில பூட்ச்சி. பாவம், வார்டனம்மா மேல கேஸு” என்றார்.

அந்த வார்டன் பெயர் சத்யபிரியா. விசாரித்துத் தேடிப் போனேன்; பள்ளிக்கரணையில் வாடகை வீட்டில் இருந்தார். வேலை போய்விட்டது. நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க பொண்ணு உயிரோட இருக்கா இல்ல?”

இருக்கிறாள் என்றேன். அவர் சத்தம் போட்டு அழுதார்.

“ஏழு மணிக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தேன் சிஸ்டர். அந்தப் பொண்ணு ‘பிரசன்ட் மிஸ்’னா. ஒம்பது மணிக்கு மறுபடி எடுத்தேன். அப்பவும் சொன்னா. பத்து மணிக்கு நானே போர்வை போத்திவிட்டேன். குட்நைட் மிஸ்னு சொன்னா. காலையில ஏரியில எடுத்தாங்க. நான் பொய்யா டிக் போட்டேன்னு கேஸ். யாருமே நம்பல.”

எழுந்து போய் ஒரு கவரிலிருந்து போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டின் நகலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். எத்தனையோ ரிப்போர்ட் படித்த கண்கள்தான். இருந்தும் அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்.

இறந்த நேரம், முந்தின நாள் மாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள்.