யாரைத் தேடி உள்ளே போனார்

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் பம்ப் பார்க்கிறவருக்கு மீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எந்நேரமும் வண்டியின் பின்னால் இருக்கிற தண்ணீர் அழுத்த மீட்டரையே முறைத்துக்கொண்டு நிற்பதால் யாரோ வேடிக்கையாகக் கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. நான் அங்கே தொலைபேசி எடுப்பவள். ஊர் முழுக்க என் குரல் பழக்கம், முகம் அவ்வளவு பழக்கமில்லை. அதனால் என் வாய் கொஞ்சம் நீளம் என்று நிலையத்தில் சொல்வார்கள். சொல்லட்டும்.

தீயணைப்பு நிலையம் என்றால் நாள் தவறாமல் நெருப்போடு மல்லுக்கட்டுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன ஊரில் நெருப்பு எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் கிணற்றில் விழுந்த ஆடு, விரலில் சிக்கிக்கொண்ட மோதிரம், உள்ளே தாழ்போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுகிற குழந்தை, சாலையில் சாய்ந்த மரம். ஒரு முறை வீட்டில் சண்டை என்று ஒருத்தி கூப்பிட்டாள். நெருப்புப் பற்றிவிட்டதா என்று கேட்டேன். இனிமேல்தான் பற்றும் என்றாள். மீட்டர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் நிறுத்தி மணியை அடித்தார். அதிலேயே சண்டை அடங்கிவிட்டதாம். போய் என்ன பேசினீர்கள் என்று நாங்கள் கேட்டதற்கு, எதுக்குப் பேசணும் என்று கேட்டார். பேச்சென்றால் அவருக்கு அவ்வளவு கஞ்சத்தனம்.

வேலையில் மட்டும் அவரிடம் விளையாட முடியாது. நெருப்புக்குள் போகிற ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதை அவர் வண்டியின் பின்பக்கக் கொக்கியில் மாட்டுவார். வெளியே வந்ததும் அவர் கையிலிருந்தே திரும்ப வாங்க வேண்டும். கொக்கியில் வில்லை தொங்கினால் அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். மீட்டரோ பம்ப்பை விட்டு ஓர் அடி நகரக்கூடாது. தண்ணீர் குறைந்தால் உள்ளே இருப்பவனுக்குப் பாதுகாப்பே இல்லை.

அவருக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி, சட்டைக்குப் பொத்தான் தைத்து, ஆளாக்கி, எங்கள் நிலையத்திலேயே சேர்த்துவிட்டவர் இவர்தான். நாங்கள் அவனைச் சின்னவன் என்போம். அண்ணன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவான். கெட்டவன் இல்லை. ஆனால் அவசரக்காரன், கால் தரையில் பாவாது.

மெத்தைக் கிடங்கு பற்றிக்கொண்டது ஒரு நண்பகலில். பஞ்சும் நுரையும் எரிந்தால் புகை கறுப்பாகக் கட்டிக்கொள்ளும், கையை நீட்டினால் கை தெரியாது. உள்ளே போனவர்கள் இரண்டு பேர், சின்னவனும் நெட்டையும். நெட்டை எங்கள் ஆட்களில் உயரமானவர். எந்த வீட்டு நிலையிலும் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைவார், இடித்துக்கொண்டுதான் வெளியே வருவார். அன்றைக்கு இரண்டு பேரும் வில்லையைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

உள்ளே ஒருவரை ஒருவர் தவறவிட்டார்கள். நெட்டை முன்வாசல் வழியாக வெளியே வந்து தன் வில்லையை வாங்கிக்கொண்டார். சின்னவன் வரவில்லை. அவன் கிடங்கின் கோடியில் மயங்கிக் கிடந்த காவலாளியைக் கண்டுபிடித்து, பின்பக்க ஜன்னலை உடைத்து இழுத்துப் போட்டு, அந்தப் பக்கம் போன ஓர் ஆட்டோவை நிறுத்தி மருத்துவமனைக்கே கொண்டுபோய்விட்டான். அது பெரிய காரியம், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முன்பக்கம் வந்து வில்லையை வாங்கவில்லை. ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை.

மீட்டர் கொக்கியைப் பார்த்தார். தம்பி இன்னும் உள்ளே இருக்கிறான் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பொறுங்கள், கூரை நிற்காது என்று எங்கள் நிலைய அதிகாரி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெட்டை புதிதாக ஒரு மூச்சுக்காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு, வில்லையை மறுபடி மீட்டர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் நிலையத்தில் உட்கார்ந்தபடி வயர்லெஸ்ஸில் கேட்டேன். நெட்டை கூப்பிட்டுக்கொண்டே போனார்.

"டேய் சின்னவனே, எங்கடா இருக்கே? சத்தம் குடுடா. நான் வந்துட்டேன்டா."

திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். பிறகு ஒரு பெரிய சத்தம், அப்புறம் வெறும் இரைச்சல். என் மேசைத் தொலைபேசி அடித்தது. மருத்துவமனையிலிருந்து சின்னவன் பேசினான். காவலாளி பிழைத்துவிட்டார், அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் அக்கா என்றான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அதை வயர்லெஸ்ஸில் மீட்டருக்குச் சொன்னவள் நான்தான். நெருப்பு அணைகிறவரை அவர் பம்ப்பை விட்டு நகரவே இல்லையாம்.

ஊர் சின்னவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். நெட்டை எப்படி இறந்தார் என்று கேட்டவர்களுக்கு, தேடும்போது கூரை சரிந்தது என்று அதிகாரி சொன்னார். யாரைத் தேடும்போது என்று சொல்லவில்லை. எங்களைத் தனியாக உட்காரவைத்து, போன உயிர் திரும்பாது, இருக்கிற பையன் வேலையும் போக வேண்டாம் என்றார். சின்னவன் அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். மீட்டரும் நாங்களும் அதை வெளியே சொல்லவில்லை.

நெட்டையின் மனைவி எனக்குப் பள்ளித் தோழி. அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டாள், அவர் யாரைத் தேடி உள்ளே போனார் என்று. ஊரில் இதற்குப் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. அவள் தெருமுனை மளிகைக்கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, காவலாளியைத்தான் பின்பக்கமாக எடுத்தாகிவிட்டதே, யாருமில்லாத இடத்துக்குள் இவருக்கு என்ன வேலை, பேரெடுக்கிற ஆசை என்று அளந்துகொண்டிருந்தார். அவள் சோப்பு வாங்கப் போனவள், காதால் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். என்னிடம் சொல்லும்போது அழவில்லை. ஒருவேளை அப்படியும் இருக்குமோ என்று கேட்டாள்.

மறுநாளே மீட்டரைப் பிடித்துக்கொண்டேன். செத்தவருக்கு வாயில்லை என்பதற்காக ஊர் அவரை முட்டாளாக்குகிறது, நீங்கள் சொல்கிறீர்களா நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள இருக்கான்னு சொன்னது நான். நானே சொல்றேன்," என்றார்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் நெட்டையின் வீட்டுக்குப் போனோம். சின்னவன் அங்கேதான் இருந்தான். நெட்டை போன நாளிலிருந்து அந்த வீட்டுக்கு எடுபிடி அவன்தான். சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தம்பி தம்பி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். எங்களைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது, எழுந்து சுவரோரம் நின்றுகொண்டான்.

மீட்டர் உட்காரவில்லை. இத்தனை காலத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கொக்கியில் வில்லை தொங்கியதை, தான் சொன்ன வார்த்தையை, நெட்டை யார் தடுத்தும் நிற்காததை, தம்பி அந்நேரம் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்ததை, ஒன்றையும் விடாமல் சொன்னார். தம்பியைக் காப்பாற்றி ஒரு சொல் சேர்க்கவில்லை, தன்னையும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது.

அவள் அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"உள்ள போனவர் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"கூப்பிட்டுக்கிட்டே போனாரும்மா. சின்னவனே, சின்னவனேன்னு. கடைசி வரைக்கும்," என்றார் மீட்டர்.

அதைக் கேட்ட பிறகுதான் அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சின்னவன் பக்கம் திரும்பினாள்.

"தினம் உன்கிட்டதானேடா கேட்டேன், யாரைத் தேடிப் போனாருன்னு. தெரியலை அண்ணின்னு சொல்லிட்டு, நான் போட்ட சோத்தைத் தின்னுட்டுப் போனே."

அவன் குழாயைக் கழற்றிய ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி தேம்பினான். இனி இந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்றான்.

"வராம எங்க போவே? காலையில வா. கடை திறந்ததும் வா."

காலையில் நானும் போனேன். மளிகைக்கடையில் நல்ல கூட்டம். மீட்டர் சீருடையோடு வந்து ஓரமாக நின்றார். அவள் சின்னவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் அவனைக் கல்லாவுக்கு எதிரே நிறுத்தினாள்.

"யாருமில்லாத இடத்துக்குள்ள எதுக்குப் போனாருன்னு கேட்டீங்களே. நல்லாப் பாத்துக்குங்க. இவனைத் தேடித்தான் போனாரு."