பெரிய கார் கேட்டேன், மூஞ்சூறு கிடைத்தது

வெள்ளிக்கிழமைப் பஜனையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. பஜனை நடத்தும் கனகசபை அண்ணை எத்தனையோ முறை கூப்பிட்டும், பிரசாதம் எடுத்து வைக்கிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன். ஆனால் பிள்ளையார் எங்களுக்குச் செய்ததை மனதுக்குள்ளேயே வைத்திருப்பதும் சரியாகப் படவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். அண்ணையே வாசிக்கட்டும்.

எண்பத்தேழாம் ஆண்டு, ஆவணி மாதம். சுவிட்சர்லாந்தில் விமானத்தை விட்டு இறங்கி, வாடகைக் கார் கொடுக்கும் கவுண்டரின் முன்னால் நானும் மனைவி புவனமும் நின்றோம். நாங்கள் பதிந்து வைத்திருந்த பெரிய ஓட்டோமெட்டிக் காரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். மிச்சம் இருந்தவை இரண்டும் சின்னக் கார்கள். இரண்டும் கியர் மாற்றி ஓட்டுவது. ஒன்று வெள்ளை, நாலு கதவு. மற்றது சிவப்பு, இரண்டே கதவு. அதை வெள்ளைக் காரின் பக்கத்தில் பார்த்தால் அதன் பிள்ளை மாதிரி இருந்தது.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஷார்ஜாவில் நான் ஓட்டுவது கம்பெனியின் நீளமான அமெரிக்கக் கார். ஏறி இருந்து காலை வைத்தால் போதும், அதுவே போகும். பாதையும் மேசை மாதிரி. அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் மாமாவின் பழைய காரில் கியர் பழகியிருந்தேன். அங்கேயும் மலை இல்லை. என் ஆயுளில் நான் ஒரு ஏற்றத்தில் கார் ஏற்றியதே கிடையாது.

"மலைநாடு தம்பி. பெரிய எஞ்சினாப் பாத்து எடும்" என்று கனகசபை அண்ணை சொல்லி அனுப்பியிருந்தார். நானும் மாதக்கணக்காகப் பிள்ளையாரிடம் அதையேதான் கேட்டு வந்தேன். பெரிய கார், ஓட்டோமெட்டிக், நல்ல பிரேக். இவ்வளவு விபரமாகக் கேட்டும் கிடைக்கவில்லையே என்று நினைக்க அழுகை வந்தது.

நாங்கள் போனது விடுமுறைக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. புவனத்துக்கு உறவென்று மிஞ்சியிருப்பது ஒரே தம்பி, நேசன். நாட்டுக் குழப்பத்தில் அகதியாக அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவன். அவள் அவனைக் கண்டு வருடங்களாகிவிட்டன. ஒரு கிழமை ஊர் பார்த்துவிட்டு, கடைசி நாள் மலைமேல் ஒரு கிராமத்து மண்டபத்தில் நடக்கும் அவனுடைய கல்யாணத்துக்குப் போவதுதான் திட்டம். மாப்பிள்ளை தாலி கட்டும்போது பின்னால் நின்று பூட்டிவிட வேண்டியவள் அவனுடைய அக்கா. அந்தத் தாலிக்கொடியும் அவளுடைய கைப்பையில்தான் இருந்தது. துபாய் நகைக் கடைத்தெருவில் அவளே பார்த்துப் பார்த்து வாங்கியது. நாங்கள் நேரத்துக்குப் போகாவிட்டால் அங்கே கல்யாணமே இல்லை.

"எது வேணும்?" என்று கவுண்டர் பெண் இரண்டாம் முறையும் கேட்டாள். நான் இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"சிவப்பை எடுங்கோ" என்றாள் புவனம். "கல்யாணத்துக்கெல்லே போறம்."

"இதுக்குள்ள நான் எப்பிடியப்பா இருக்கிறது?"

"அவ்வளவு பெரிய வயித்தோட பிள்ளையாரே மூஞ்சூறில போறார். உங்களுக்கு இது காணாதோ?"

அன்றிலிருந்து அந்தக் காருக்கு மூஞ்சூறு என்றே பெயர்.

நாங்கள் வளைகுடாக்காரர் அல்லவா, கயிறு கட்டிய பெட்டி இல்லாமல் பயணம் போவோமா? பெட்டிகள் பின் இருக்கையை நிரப்பின. மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் நாங்கள் கொண்டுவந்த குத்துவிளக்குக்கு எங்கேயும் இடமில்லை. அந்தக் கிழமை முழுவதும் அது புவனத்தின் மடியிலேயே இருந்தது.

முதல் நாள் ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் நின்றது. பின்னால் நின்ற ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. ஏற்றத்தில் கார் பின்னால் உருளும்போது புவனம் கண்ணை மூடிக்கொண்டு குத்துவிளக்கைக் கட்டிப்பிடிப்பாள். நான் பிள்ளையாரைக் கூப்பிடுவேன். போகப் போகக் கையும் காலும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டு வேலை செய்யத் தொடங்கின. ஏரிக்கரையில் காரை நிறுத்தி, பேக்கரியில் வாங்கிய பாணுக்குள் புவனம் போத்தலில் கொண்டுவந்த மாசிச் சம்பலை வைத்துச் சாப்பிட்டோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் அவ்வளவு சிரித்ததில்லை.

கல்யாண நாள் காலை. மலையடிவாரத்தில் தங்கியிருந்த விடுதியிலிருந்து புறப்பட்டோம். மண்டபம் அதிக தூரமில்லை. ஆனால் ஒரு சிறு ஊரில் பாதை இரண்டாகப் பிரிந்தது. யாரையும் இறங்கிக் கேட்க எனக்குக் கூச்சம். எதிரே ஒரு பேக்கரி தெரிந்தது. அதன் வாசலில் போய் நிறுத்தி, ஒன்றும் யோசிக்காமல் இரண்டு முறை ஹோர்ன் அடித்தேன்.

இதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஷார்ஜாவில் மலையாளிகள் நடத்தும் கஃபடேரியா வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தால் தேநீர் கார் ஜன்னலுக்கு வந்துவிடும். கை தானாகப் போய்விட்டது.

அந்த ஊர் முழுவதும் எட்டிப் பார்த்தது. மேல்மாடி ஜன்னல்கள் திறந்தன. புவனம் குத்துவிளக்குக்குப் பின்னால் முகத்தை மறைத்தாள்.

"என்னப்பா இது? இஞ்ச என்ன உங்கட மலபாரி கடையோ?"

பேக்கரிக்கார அம்மா கையெல்லாம் மாவோடு வெளியே வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டு, போகவேண்டிய ஊரின் பெயரைச் சொன்னேன். அவருக்கும் என்னைப்போலக் கொஞ்சம்தான் ஆங்கிலம்.

"ரோட் இல்லை. மழை. பாறை விழுந்தது. குளோஸ்."

வேறு பாதை உண்டா என்று கேட்டேன். மலையைச் சுற்றிப் போகலாமாம். ஆனால் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும். முகூர்த்தமோ அதற்கு முன்.

புவனம் கைப்பையைத் திறந்து தாலிக்கொடியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கண் நிறைந்ததைக் கண்டு என் நெஞ்சு உடைந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து மனதுக்குள் சொன்னேன்: பிள்ளையாரப்பா, பெரிய கார் கேட்டேன், நீ தரவில்லை. இனி எப்படி வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உனக்குத் தெரிந்தபடி இவளைத் தம்பியிடம் கொண்டுபோய் விடு.

தலையை நிமிர்த்தினேன். பேக்கரி அம்மா ஜன்னல் வழியாகத் தாலிக்கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் மோதிரத்தைத் தொட்டுக் காட்டி, "கல்யாணம்?" என்றார்.

"ஓம், தம்பிக்கு" என்று புவனம் தமிழிலேயே சொன்னாள்.

அந்த அம்மா காரின் முன்னால் போனார். இரண்டு கைகளையும் விரித்து, காரின் அகலத்தை மாவுக் கைகளால் அளந்தார். விரித்த கைகளை மடக்காமல் அப்படியே நடந்துபோய், வாசலில் நின்ற கணவரிடம் காட்டினார். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்து, "யா, யா" என்றார். பிறகு அந்த அம்மா பாண் கொண்டுபோகிற தன் குட்டி வான் வண்டியில் ஏறி, பின்னால் வரச் சொல்லிக் கை காட்டினார்.

அது பண்ணைகளுக்குப் போகும் பாதை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மாடுகள். ஓரிடத்தில் இரண்டு மரக் கொட்டில்களுக்கு நடுவே பாதை ஒடுங்கியது. அந்த அம்மா இறங்கி வந்து எங்கள் பக்கக் கண்ணாடிகளை மடித்துவிட்டார்.

"வயித்தை எக்குங்கோ" என்றாள் புவனம்.

"நான் எக்கினா கார் ஒடுங்குமோ?"

"எக்குங்கோ எண்டுறன்."

இருவரும் எக்கினோம். மூஞ்சூறு போய்விட்டது. பின்னால் ஒரு நீளமான வெள்ளிநிறக் கார் எங்களைப் பின்தொடர்ந்து வந்திருந்தது. நான் மாதக்கணக்காகக் கேட்ட கார் அதேதான் என்று சொல்லலாம். அது கொட்டில்களுக்கு நடுவே நுழைய முடியாமல் நின்று, மெதுவாகப் பின்னால் போகத் தொடங்கியது. ஜன்னலால் தலையை நீட்டி அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை.

மண்டபத்து வாசலில் குளிரில் வேட்டியோடு நின்றான் நேசன். உள்ளே கசெட்டில் நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. காரையும் அக்காவையும் மடியில் இருந்த விளக்கையும் பார்த்து, "அக்கா, இதுக்குள்ள எப்பிடி வந்தனியள்?" என்றான். அவள் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முகூர்த்தம் தப்பவில்லை. தாலிக்கொடியை அவளே பூட்டினாள். பேக்கரி அம்மாவை நாங்கள் போகவிடவில்லை. ஏப்ரனோடு முன்வரிசையில் இருத்தி, மணமக்களை வாழ்த்தித் தூவும் அறுகரிசி கொடுத்து, எப்படிப் போடுவது என்று காட்டினோம். அவர் போட்டது மாப்பிள்ளையைத் தாண்டி ஐயரின் தலையில் விழுந்தது. ஐயரும் சிரித்துவிட்டார்.

அடியார்களே, நான் படிப்பறிவு குறைந்தவன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பிள்ளையார் என் வேண்டுதலைக் கவுண்டரிலேயே நிறைவேற்றிவிட்டார். அதை விளங்கிக்கொள்ள எனக்குத்தான் ஒரு கிழமை பிடித்தது. இப்போதும் தினமும் கேட்கிறேன். ஆனால் அளவு சொல்வதில்லை. வேலை, வீசா, ஊரில் உள்ளவர்கள் என்று உங்களுக்கும் நெஞ்சில் பாரம் இருக்கும். அவரிடம் சொல்லுங்கள். கிடைத்தது சின்னதாகத் தெரிந்தால் உடனே மனம் உடையாதீர்கள். ஏறி இருந்து ஓட்டிப் பாருங்கள்.

பழைய பழக்கத்தில் நான் இன்னும் எப்போதாவது விளக்கின் முன்னால் நின்று, இப்படி வேண்டும், அப்படி வேண்டும் என்று தொடங்குவதுண்டு. அப்போது புவனம் பக்கத்தில் நின்று, பேக்கரி அம்மா காரை அளந்த மாதிரி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவாள். நான் வாயை மூடிக்கொண்டு கும்பிடுவேன்.