முப்பது சைக்கிளும் ஒரு வீட்டுக்காரரும்

சைக்கிளை வாடகைக்கு விடுவது சுலபம், அது திரும்பி வரும்வரை உட்கார்ந்திருப்பதுதான் தொழில். வீட்டு ஆளைச் சாலைக்கு அனுப்பிவிட்டுக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஜார்ஜ்டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்புறச் சந்தில் எனக்குக் கடை. முப்பது சைக்கிள், முப்பது ஹெல்மெட். காலையில் ஒவ்வொன்றாக வெளியே போகும், சாயங்காலம் கடைசி ஒன்று திரும்பும்வரை எண்ணிக்கொண்டே இருப்பேன்.

போதாததற்கு இப்போது வீட்டிலும் அதே கவலை ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரர் செல்வத்துக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. பாயான் பாரு பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர் சூப்பர்வைசர், நாள் முழுக்க நாற்காலிதான். உடம்பை அசைக்காவிட்டால் ஊசிதான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜெலுத்தோங் வீட்டிலிருந்து வேலைக்கு சைக்கிளில்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். ஐம்பத்திரண்டு வயது. நான் முடியவே முடியாது என்றேன். அவர் சொன்னார்: "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் சைக்கிள் கொடுக்கிறே, கட்டின புருஷனுக்குக் கொடுக்க மாட்டியா?"

இடது பக்கம்

என்னிடம் வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர்கள்; பலருக்கு அவர்கள் ஊரில் வலது பக்கம் ஓட்டிப் பழக்கம். அதனால் யார் வந்தாலும் சந்துக்குள் மூன்று ரவுண்டு ஓட்டவிட்டு, "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்தி, கைப்பிடியில் ஒரு டேப்பும் ஒட்டி அனுப்புவேன். ஒரு பிரெஞ்சுக்காரர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அரை மணி நேரம் கழித்து டீ வாங்கப் போகிறேன், ஒரே ஹாரன் சத்தம். ஒருவழிச் சாலையில், எதிர்த்திசையில், மனுஷன் வருகிறார். எதிரே ஒரு பஸ். அவர் மட்டும் தன் இடது ஓரத்தை விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை. ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்துக் கடைவாசல் ஐந்தடி நடைபாதைக்குள் இழுத்தேன். அவர் டேப்பைத் தொட்டுக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: "மேடம், ஐ ஸ்டே லெஃப்ட். ஆல்வேஸ் லெஃப்ட்."

காலி லேன்

எங்கள் பக்கம் சைக்கிளுக்கென்று பெயின்ட் அடித்த லேன் உண்டு. அதில் கார்தான் நிற்கும். ஒரு நாள் ஒரு வெள்ளைக் கார் லேனை அடைத்து நிற்க, என்னிடம் வாடகைக்கு எடுத்த இரண்டு பொண்ணுங்க அதைச் சுற்றிக்கொண்டு லாரிக்கு முன்னால் போய்விட்டார்கள். லாரி பிரேக் போட்ட சத்தத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. செல்வத்தை அந்த இடத்தில் நினைத்துப் பார்த்தேன்.

கார்க்காரத் தம்பி நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தோடு ஆற அமர வந்தார். "தம்பி, இது சைக்கிள் போற வழிப்பா" என்றேன். லேனை மேலும் கீழும் பார்த்தார். "அதான்க்கா, ஒரு சைக்கிளும் வரலியே. காலியாத்தானே இருக்கு."

விட்ட இடம்

புது லேன் போடப் போகிறோம், சைக்கிள் கடைக்காரர்கள் கருத்துச் சொல்லலாம் என்று மாநகர் மன்றத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். டீயோடு கறிபாப் பலகாரம் கொடுத்தார்கள், நல்ல கறிபாப். பிறகு திரையில் வரைபடம் வந்தது. பச்சைக் கோடு அழகாக வந்து, ஒரு ரவுண்டபவுட்டுக்கு முன்னால் நின்று, அதைத் தாண்டி மறுபடி தொடங்கியது. அது செல்வம் வேலைக்குப் போகிற சாலை. கறிபாப்பைக் கீழே வைத்தேன்.

எழுந்து, "நடுவுல சைக்கிள்காரன் என்ன பண்ணுவான் தம்பி?" என்று கேட்டேன். வரைபடத்தைக் காட்டியவர் நம் தமிழ்ப் பிள்ளைதான், மரியாதையான பிள்ளை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அங்க மட்டும் அவங்க கொஞ்சம் பார்த்துப் போகணும்க்கா."

திங்கட்கிழமை

புது லேன் போட்டு முடித்த சமயம், செல்வத்துக்கு இனிப்பு நீர் மறுபடி ஏறியது. இதற்கு மேல் மறுக்க எனக்கு மனசு வரவில்லை. இருப்பதிலேயே நல்ல பிரேக் உள்ள சைக்கிளை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் தனியாக விடவில்லை. காலை ஏழு மணிக்கு அவர் கிளம்ப, அவருக்குத் தெரியாமல் பத்தடி பின்னால் நான் என் மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். சைக்கிள் வேகத்தில் மோட்டார் ஓட்டிப் பாருங்கள், உயிர் போய்விடும். ரவுண்டபவுட்டில் ஒரு கையைத் தூக்கி ஒரு லாரியையே நிறுத்தினேன். அவர் கடந்துவிட்டார். மறுபுறம் லேன் தொடங்கியதும் அவர் உள்ளே போனார், நானும் யோசிக்காமல் பின்னாலேயே போனேன்.

டிராஃபிக் போலீஸ் கை காட்டினார். அவரும் தமிழர்தான். "அக்கா, இது சைக்கிள் லேன். இதுல மோட்டார் ஓட்டலாமா?" எனக்கு மானமே போயிற்று. "முன்னால என் வீட்டுக்காரர் போறார் தம்பி" என்றேன். "எங்கக்கா?" என்றார். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். போலீஸ்காரர் என் லைசன்ஸை வாங்கி நிதானமாக அபராதச் சம்மன் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். எந்த ஹாரன் கேட்டாலும் செல்வத்துக்குத்தான் என்று தோன்றியது. ஏழு ஐம்பதுக்கு மெசேஜ் வந்தது, வந்து சேர்ந்துவிட்டேன் என்று. சாலையோரத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து, சிரித்த முகமாக வந்தார். ரவுண்டபவுட்டில் பயமாக இருந்ததா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லடி. யாரோ ஒரு மோட்டார் ஜெலுத்தோங்ல இருந்து முதுகுல ஒட்டிக்கிட்டே வந்துச்சு, திரும்பிப் பார்க்கக்கூட பயமா இருந்துச்சு. அது தொலைஞ்சப்புறம்தான் நிம்மதியா ஓட்டினேன்."

சைக்கிள்காரர்களுக்கு யாரால் ஆபத்து என்று இனி எந்தக் கூட்டத்தில் கேட்டாலும், கறிபாப்பைக் கீழே வைத்துவிட்டு என் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.