தொட்டிச் சாவிக்காரரின் பிள்ளைகள்

உலமிலா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுபலகையில் உட்கார்ந்து மூடியை இரண்டு கையாலும் திருப்பித் திருப்பி அழுத்தினால் வெள்ளை மட்டும் உதிரும். ஓட்டின் கறுப்பு ஒரு பொட்டுகூடக் கலக்காது. பக்கத்துப் பாயில் அவள் கணவர் செமிசி சாய்ந்திருந்தார். அவருடைய வீங்கிய காலை நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் அப்படியே நின்றது. இதய வால்வு பழுது. ஆக்லாந்தில் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். பணம் நியூசிலாந்து டாலராக முன்கூட்டியே போய்ச் சேர்ந்தால்தான் அந்தத் தேதி நிற்கும்.

"நர்ஸக்கா, நம்ம டாலர் விலை இறங்கப் போகுதுன்னு மார்க்கெட்ல ஒரே பேச்சு. இன்னைக்கே பணத்தை அனுப்பிடவா, திங்கக்கிழமை அனுப்பவா? ஞாயித்துக்கிழமை சர்ச்ல சொந்தக்காரங்க கொடுக்கறதையும் சேர்த்தா ஒரே தடவையா போயிடும். ரெண்டு தடவை அனுப்பினா பாங்குக்காரன் ரெண்டு கமிஷன் புடுங்குவான்."

"என்னைக் கேட்டா எனக்கு என்ன தெரியும்? உன் தம்பி மத்திய வங்கியிலதானே உட்கார்ந்திருக்கான்."

"அதுக்குத்தான் உங்ககிட்ட சொல்றேன். போய் அவர்கிட்ட கேட்டுட்டு வாங்க."

உலமிலாவும் அவள் தம்பியும் தலைநகருக்கு வெகு கிழக்கே லாவு தீவுகளில் பிறந்தவர்கள். அங்கே வயது வந்த அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசுவதில்லை. கோபம் ஒன்றுமில்லை, மரியாதை. அதே மரியாதையில்தான், அக்கா கேட்டதைத் தம்பி இல்லையென்று சொல்வதும் இல்லை.

அவர்களுடைய அப்பா ஊர் மழைநீர்த் தொட்டிக்குச் சாவிக்காரராக இருந்தவர். வறட்சிக் காலத்தில் வீட்டுக்கு ஒரு வாளி அளந்து ஊற்றுவார். தன் வீட்டுக்குக் கடைசியில். தம்பி அபெனிசா படிப்பில் தேறியதும் உலமிலா தன் படிப்பை விட்டுவிட்டுத் தலைநகர் சுவாவுக்கு வந்தாள். டாலோ கிழங்கும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனும் பொட்டலம் கட்டி அலுவலக வாசல்களில் விற்று அவனைப் படிக்க வைத்தாள். நாடு விடுதலை பெற்று, சொந்தமாக மத்திய வங்கி அமைத்துக்கொண்ட காலம். கிழிந்த நோட்டுகளைப் பிரித்துக் கொளுத்த அனுப்பும் வேலையில் அங்கே சேர்ந்தவன், படிப்படியாக மேல்மாடிக்குப் போனான்.

யங்கோனா வேர்ச்சாறு குடிக்க எல்லாரும் உட்காரும்போது அந்த வங்கியைப் பற்றிச் சொல்லுவான்: "இது நமக்குக் கடன் கொடுக்கற பாங்கு இல்ல. மத்த பாங்குக்கெல்லாம் பாங்கு. நாட்டோட வெளிநாட்டுப் பணம் ஒரு தொட்டியில இருக்குன்னு வச்சுக்குங்க. கரும்பு வித்தா, டூரிஸ்ட் வந்தா, மழை. பெட்ரோல் வாங்கினா தண்ணி இறங்கும். சாவி எங்ககிட்ட." அறைக்கு அந்தப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருக்கும் உலமிலாவுக்கு முகமெல்லாம் பெருமை. தினமும் மதியம் வங்கிக் காவலாளி கையில் தம்பிக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவாள். அதற்கு அவள் காசு வாங்கியதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் வங்கி வாசலுக்குப் போய் அவனைக் கூப்பிட்டு விஷயத்தைக் கேட்டேன். தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவசரம் ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. திங்கக்கிழமையே அனுப்பட்டும்."

அவன் சொன்னதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னேன். உலமிலா நிம்மதியாக அன்றைய மீனைக் கழுவப் போனாள்.

திங்கள் காலை ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். நம் டாலரின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. அவள் சேர்த்த பணம் அப்படியே இருந்தது. ஆக்லாந்துக்கு மட்டும் அது போதவில்லை. செமிசி சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். உலமிலா ரேடியோவை அணைத்தாள். பிழிந்துகொண்டிருந்த தேங்காய்ப்பாலைப் பிழிந்து முடித்தாள். விட்டால் புளித்துப் போகும்.

சாயங்காலம் அபெனிசா வந்தான், மனைவி மெரெசேயினியோடு. வாசலோரம் தரையில் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்கும்போது கொடுக்கும் திமிங்கலப் பல்லை முன்னால் வைத்தான். அதன் பக்கத்தில் ஓர் உறை. தன் ஓய்வுக்காலச் சேமிப்பின் மேல் கடன் வாங்கி, பற்றாமல் போன தொகையைக் கொண்டுவந்திருந்தான்.

"நர்ஸக்கா, அக்காகிட்ட சொல்லுங்க. வெள்ளிக்கிழமையே முடிவாயிடுச்சு. வெளிய சொல்லமாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கோம். ஒருத்தருக்குச் சொன்னா ஊரே பாங்குல வரிசை கட்டும், தொட்டி காலி. அதுவும் அந்தச் சேதி உங்க வாய் வழியா போகணும்."

"என் வாய்க்கு என்னடா குறைச்சல்?"

மெரெசேயினி சிரிப்பை அடக்கி, இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா செஞ்சதைத்தான் நானும் செஞ்சேன். சொந்தப் பொண்ணுன்னு அவர் ஒரு வாளி அதிகமா ஊத்தினாரா?"

உலமிலா அவனுக்கு மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லுங்க. அப்பா ஊத்தல, வாஸ்தவம். தண்ணி இல்லம்மா, போன்னு முகத்துக்கு நேரா சொல்லுவாரு. தண்ணி நிறைய இருக்கு, திங்கக்கிழமை வான்னு சொல்லி வெறும் வாளியோட நிக்க வச்சதில்ல."

"நர்ஸக்கா, என்னால சொல்ல முடியாதுன்னு சொல்லியிருந்தாலே, சொன்ன மாதிரிதானே ஆயிருக்கும்?"

"உங்க இஷ்டம்னு சொல்லியிருக்கலாம்ல? நானே முடிவு பண்ணி நானே நஷ்டப்பட்டிருப்பேன். நான் படிக்க வச்ச புள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை கிடைக்கலையா?"



அவள் உறையை எடுத்துச் செமிசியின் தலையணைக்கு அடியில் வைத்தாள். பல்லைத் தொடவில்லை. அந்தப் பல்லை நீட்டினால் வாங்காமல் இருப்பது எங்கள் ஊரில் கிடையாது. கொலைக்குக்கூட வாங்கிக்கொண்டு மன்னித்திருக்கிறார்கள். அபெனிசா குனிந்த தலையோடு காத்திருந்தான். மெரெசேயினி அழ ஆரம்பித்தாள்.

"பணம் என் புருஷனுக்கு, எடுத்துக்கிட்டேன். பல்லு எனக்குக் கொண்டுவந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க."

அவன் செய்தது நாட்டுக்குச் சரிதான் என்று தெருவில் பிறகு பலர் பேசினார்கள். இருக்கலாம். உலமிலாவிடம் போய் அதைச் சொல்ல ஒருவரும் துணியவில்லை. நான் செமிசிக்கு நீர் இறங்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பாங்கு திறந்ததும் அவளும் நானும் போய் முழுப் பணத்தையும் ஆக்லாந்துக்கு அனுப்பினோம். ஒரே தடவை, ஒரே கமிஷன். அங்கிருந்து கூடையோடு மத்திய வங்கி வாசலுக்கு வந்தோம். எப்போதும்போலப் பெரிய மீன் துண்டு வைத்துக் கட்டிய பொட்டலத்தைக் காவலாளியிடம் நீட்டினாள்.

"அபெனிசா சாருக்குத்தானே?"

"ஆமா." விலையைச் சொன்னாள்.

காவலாளி சிரித்தார். "தம்பிகிட்டயா? நல்லா விளையாடறீங்க."

"எல்லார்கிட்டயும் வாங்கறதுதான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. பொட்டலத்தோடு உள்ளே போய், ஒரு புதுநோட்டோடு திரும்பி வந்தார். "மீதி வேண்டாம்னுட்டாரு."

உலமிலா இடுப்புப் பையிலிருந்து சில்லறையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "கொண்டுபோய்க் கொடுங்க." கூடையின் துணியை விலக்கி அடுத்த ஆளைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தனை?"