சாம்பிராணிச் சட்டியும் செல்லுலாய்டு சீப்பும்

நான் சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் மேஸ்திரி. மடியில் பீடியோடு வேலைக்கு வருகிறவனை வாய்க்கு வந்தபடி வைது விரட்டுகிறவன். அந்த நானே வீட்டுக்குள் நெருப்பை வாங்கி வந்தேன்.

இருக்கன்குடித் திருவிழாவில் என் மனைவி செல்லத்தாய்க்குத் தலையில் செருகும் செல்லுலாய்டு சீப்பு ஒன்று வாங்கினேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நானாக வாங்கிக் கொடுத்த முதல் பொருள் அதுதான். "பஞ்சும் சூடமும் சேத்துச் செஞ்சதுண்ணே, தந்தம் தோத்துப்போகும்" என்றான் கடைக்காரன். பஞ்சு, சூடம் என்று காதால் கேட்டும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தவள், முன்மயிரில் அந்தச் சீப்பைச் செருகிக்கொண்டு, சாம்பிராணிச் சட்டியில் தலை உலர்த்த உட்கார்ந்தாள். தணல் மங்கியதென்று குனிந்து ஊதினாள். பொறி பறந்து சீப்பில் பட்டதும் குப்பென்று பற்றியது. ஓடிப்போய்ச் சீப்பைக் கையால் பிடுங்கி எறிந்தேன். கொடியில் கிடந்த ஈரச் சேலையை அவள் தலையில் போட்டு அமுக்கினேன். முடி ஈரமாக இருந்ததால் உயிர் தப்பியது. முன்மயிரும் என் விரல் தோலும்தான் போயின.

சேலைக்குள்ளிருந்து அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க ஆசையா வாங்கியாந்தத எரிச்சுப்புட்டேன். வையாதீக."

நெருப்பைவிட அது சுட்டது.

செல்லுலாய்டில் சீப்பு, வளையல், பொம்மை எது இருந்தாலும் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது மரச்சீப்புதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணிச் சட்டியைப் பிடிப்பது நான். "அம்புட்டுத் தூரத்துல பிடிச்சா புகை எங்கன வரும்? கூறு இருக்கா?" என்று வைகிறாள். வையட்டும்.